கிராக், உரிமம், திறமூலம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் லேப்டாப்பில் விண்டோஸ் புரோவையும் ஆபீஸையும் 'ஆக்டிவேட்டர்' வைத்துப் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று வருடமாக ஒரு வைரஸும் இல்லை. கிராக் (உரிமப் பூட்டை உடைத்த மென்பொருள்) என்றாலே ஆபத்து என்று எழுதுகிறீர்களே, சும்மா பயமுறுத்துகிறீர்களா?

பதில்: வைரஸ் இல்லை என்று உங்களுக்குச் சொன்னது விண்டோஸின் சொந்த வைரஸ் தடுப்பான டிஃபெண்டர்தானே? அதன் கண்ணைக் கட்டிவிட்டுத்தான் ஆக்டிவேட்டரை ஓட்டியிருப்பார்கள். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு அமைப்புகளின் கடைசியில் இருக்கும் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' பட்டியலைப் பாருங்கள். ஏதாவது ஒரு ஃபோல்டரோ, சில சமயம் சி டிரைவ் முழுவதுமோ அங்கே இருக்கும். பட்டியலில் உள்ள இடத்தை டிஃபெண்டர் சோதிப்பதே இல்லை.

இந்த ஆக்டிவேட்டர்களில் பெரும்பாலானவை கேஎம்எஸ் முறையைப் பயன்படுத்துகின்றன. பெரிய நிறுவனங்களில் நூற்றுக்கணக்கான கணினிகளை உள் சர்வர் ஒன்றின் மூலம் ஆக்டிவேட் செய்ய மைக்ரோசாஃப்ட் கொடுத்த வழி அது. ஒருமுறை செய்தால் 180 நாள் செல்லும். கணினி 7 நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தேடிப் புதுப்பித்துக்கொள்ளும். ஆக்டிவேட்டர் உங்கள் கணினிக்குள்ளேயே ஒரு போலி சர்வரை நட்டுவிடும், அல்லது முன்பின் தெரியாத வெளி சர்வரைக் காட்டிவிடும். புதுப்பித்தல் நிற்காமல் இருக்க, நிர்வாகி உரிமையோடு ஓடும் ஒரு பணி 'டாஸ்க் ஷெட்யூல'ரில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். ஆக்டிவேட்டரை எழுதியவர் யோக்கியராகவே இருக்கட்டும். அதைத் திரும்பப் பொதிந்து ஏற்றிய ஐந்தாவது, ஆறாவது ஆள் யார்?

இப்போது இவற்றோடு சேர்ந்து வருபவை திரையை உறையவைக்கும் பழைய காலத்து வைரஸ்கள் அல்ல. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு, சில நிமிடங்களில் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் ரகம். உள்நுழைந்த நிலையைக் காட்டும் குக்கி கைமாறிவிட்டால் ஓடிபி, இரட்டைச் சரிபார்ப்பு எதுவும் உதவாது. அதனால் ஆக்டிவேட்டரை அன்இன்ஸ்டால் செய்வது வைத்தியம் ஆகாது. முதலில் வேறொரு சுத்தமான சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றி, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதைக் கொடுங்கள். ஆவணங்கள், படங்களை மட்டும் நகலெடுங்கள். இன்ஸ்டாலர் கோப்பு ஒன்றைக்கூடக் கூட அழைத்துப் போகாதீர்கள். பிறகு மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளத்திலிருந்து எடுத்த இன்ஸ்டாலரால் டிஸ்க்கை முழுதாக அழித்து நிறுவுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. லேப்டாப் விண்டோஸோடுதான் வந்தது என்றால், அதற்கான கீ மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (சிப்பில் இருக்கும் மென்பொருள்) பதிந்திருக்கும். பெரும்பாலும் அது 'ஹோம்' பதிப்புக்கானது. ஹோம் பதிப்பைச் சுத்தமாக நிறுவினால், கீ எதுவும் கேட்காமல், இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். காசு கொடுத்து வாங்கிய ஹோமின் மேல் திருட்டு புரோவைப் போட்டு ஓட்டுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல!

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இல்லை, விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா? எங்கே சறுக்கும்?

பதில்: போடலாம். 2025 அக்டோபர் 14-உடன் பொது ஆதரவு நின்றது. தனிநபர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். அவசரப்படாமல் மாற அந்த இடைவெளி போதும்.

மின்ட்டுக்கு 4 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. டிஸ்க்கில் 20 ஜிபி குறைந்தபட்சம், 100 ஜிபி இருந்தால் நல்லது. ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றிவிட்டு நிறுவினால் அதே கணினி வேறு கணினி போல ஓடும். இது லினக்ஸின் மகிமை மட்டுமல்ல, எஸ்எஸ்டியின் மகிமையும்தான்.

சறுக்கும் இடங்கள் வழக்கமானவை. இன்ஸ்டாலருக்கு டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் (கணினி எழும்போது திறக்கும் அமைப்புத் திரை) சேமிப்பக முறை இன்டெல் ஆர்எஸ்டி அல்லது 'ரெய்டு' என்று இருக்கும். அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோஸையும் வைத்துக்கொள்வதானால் இதைச் சட்டென்று மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் எழாமல் போகும். ஒருமுறை சேஃப் மோடில் ஏறும்படி அமைத்துவிட்டு மாற்றுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பார்த்து, மீட்புக் கீயைக் காகிதத்தில் எழுதிக்கொண்ட பிறகே பயாஸ் பக்கம் போக வேண்டும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'பை அணைக்காவிட்டால், விண்டோஸ் பகுதியை லினக்ஸ் படிக்க மட்டுமே விடும், எழுத விடாது. இரண்டுக்கும் இடையே கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டினால் பயப்பட ஒன்றுமில்லை: விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசியையும் மதர்போர்டில் எழுதுகின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் வட்டின் நகல்) சரிபார்க்காமல் பென் டிரைவில் எழுதாதீர்கள். 2016 பிப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே நுழைந்து, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவுக்கு இணைப்பை மாற்றிவிட்டார்கள். தளம் கைமாறினால் அதில் போட்டிருக்கும் ஹாஷ் எண்ணையும் (கோப்பின் கைரேகை போன்றது) மாற்ற முடியும். ஆகவே ஹாஷ் மட்டும் போதாது. ஹாஷ் பட்டியலின் மேல் உள்ள ஜிபிஜி டிஜிட்டல் கையொப்பத்தையும் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை அலுவலகத்தில் பயன்படுத்தினால் பைரசி ஆகாதுதானே?

பதில்: ஆகலாம். நிறுவனங்கள் மாட்டுவதில் கணிசமான பங்கு கிராக்கால் அல்ல, இந்த நம்பிக்கையால்தான். விலை இல்லை என்பது வேறு, உரிமம் அனுமதிக்கிறது என்பது வேறு.

கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் 40 நாள் சோதனைக்குப் பிறகும் ஓடும், ஆனால் வாங்கச் சொல்கிறது அதன் உரிமம். அதே வேலைக்கான 7-ஜிப் திறமூலம் (மூலநிரல் எல்லோருக்கும் திறந்தது), அலுவலகத்திலும் காசு வேண்டாம். வேறு கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் டீம்வியூவர் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம். வணிகப் பயன்பாடு என்று அதற்குத் தோன்றினால் இணைப்பைத் துண்டிக்கும். மாற்றாக ரஸ்ட்டெஸ்க் இருக்கிறது. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸின் அடிப்படைத் தொகுப்பு ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் உள்ளது. ஆனால் அதன் கூடவே எல்லோரும் கைப்பழக்கமாக இறக்கும் 'எக்ஸ்டென்ஷன் பேக்' தனிப்பட்ட பயன்பாடு, கல்வி, மதிப்பீடு ஆகியவற்றுக்கு மட்டுமே இலவசம். நிரலாளர்கள் பயன்படுத்தும் டாக்கர் டெஸ்க்டாப் 2021 ஆகஸ்டில் விதியை மாற்றியது: 250 பேருக்கு மேல் ஊழியர்கள் அல்லது ஆண்டுக்கு 1 கோடி டாலருக்கு மேல் வருவாய் இருந்தால் கட்டணம் உண்டு. லினக்ஸில் டாக்கர் எஞ்ஜினை மட்டும் நிறுவினால் இந்தப் பேச்சே இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய பொறி ஜாவா. ஆரக்கிள் ஜாவா 8-இல் அப்டேட் 202 வரை பழைய உரிமம். 2019 ஏப்ரலில் வந்த அப்டேட் 211-இலிருந்து வணிகப் பயன்பாட்டுக்குச் சந்தா தேவை. 2023 ஜனவரி முதல் அந்தச் சந்தா, ஜாவா ஓடும் கணினிகளின் எண்ணிக்கையை வைத்து அல்ல, நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஒரு பழைய கணக்கு மென்பொருளுக்காக ஒரே கணினியில் ஆரக்கிள் ஜாவா அப்டேட் ஆகிக் கிடந்தாலும் மொத்தத் தலைகளுக்கும் கணக்கு வரும். ஜாவாவின் திறமூல வடிவமான ஓபன்ஜேடிகேயின் தொகுப்புகளில் ஒன்றான டெமுரினை அந்த இடத்தில் வைத்துச் சோதியுங்கள். பெரும்பாலான மென்பொருள்கள் வித்தியாசம் தெரியாமல் ஓடும். தகராறு செய்பவை பெரும்பாலும் 'ஜாவா வெப் ஸ்டார்ட்' கேட்கும் பழசுகள்தான்.

கேள்வி: எங்கள் சிறு நிறுவனத்துக்கு 'உரிமத் தணிக்கை' என்று ஒரு கடிதம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, ஒன்றுமில்லை என்று பதில் போடலாமா?

பதில்: செய்யவே கூடாதது அது ஒன்றுதான். நிறுவிய தேதி, ஓடிய தடயங்கள், அந்த மென்பொருள் அதன் தயாரிப்பாளருக்கு இணையத்தில் அனுப்பிய தகவல் எல்லாம் ஏற்கனவே அவர்கள் கையில் இருக்கலாம். கடிதம் வந்த பிறகு அழித்தால் தடயத்தை அழித்ததாகும். உரிமக் குறைவு பணத்தோடு முடியக்கூடிய விஷயம், தடய அழிப்பு அப்படி அல்ல.

முதலில் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனமா, 1988 முதல் இயங்கும் பிஎஸ்ஏ போன்ற மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பா, அவர்களின் வழக்கறிஞரா, அல்லது விற்பனை இலக்குக்காக 'சொத்து மேலாண்மை ஆய்வு' என்று பெயர் சூட்டிய ஒரு மறுவிற்பனையாளரா? கடைசி வகைக்கு ஒப்புக்கொள்ளும் கட்டாயம் பெரும்பாலும் கிடையாது. முதல் வகைக்கு உண்டா என்பது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் தணிக்கைப் பிரிவில் இருக்கும்: எத்தனை நாள் அவகாசம், யார் செலவு, எந்தப் பொருள்கள் என்று அங்கேயே எழுதியிருக்கும். கேட்ட பொருளுக்கு மட்டும் பதில் கொடுங்கள். அவர்கள் அனுப்பும் ஸ்கிரிப்டை, அது எதையெல்லாம் திரட்டுகிறது என்று தெரியாமல் ஓட்டாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே ஒரு திறமூலப் பட்டியலிடும் கருவியால் எடுக்கலாம். ஓசிஎஸ் இன்வென்டரி, ஜிஎல்பிஐ இரண்டும் அதற்குப் பழகிய பெயர்கள். முதல் பதிலே வழக்கறிஞர் பார்த்த பிறகு போகட்டும்.

எண்ணும்போதுதான் பலர் வழுக்குகிறார்கள். பெட்டியில் ஒட்டிய ஸ்டிக்கரோ, கீ எண்ணோ உரிமத்துக்கான சான்று ஆகாது. தேதியும் பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் உள்ள பில்தான் சான்று. புதுக் கணினியோடு சேர்ந்து வரும் ஓஈஎம் உரிமம் அந்தக் கணினியோடு பிறந்து அதோடு சாகும், பழைய கணினியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதில் ஏற்ற முடியாது. விண்டோஸ் சர்வரை வாங்கியவர்கள் அதோடு இணையும் ஒவ்வொரு பயனருக்கும் அல்லது சாதனத்துக்கும் தனி அணுகல் உரிமம் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். கடிதத் தேதிக்குப் பிறகு வாங்கிய உரிமம் நாளைக்கு உதவும், நேற்றைய குறையை மறைக்காது.

அடிமாட்டு விலைக்கு இணையத்தில் விற்கும் கீகளில் பல, எங்கோ ஒரு நிறுவனத்தின் மொத்தக் கொள்முதலில் இருந்து வெளியே கசிந்தவை. ஆக்டிவேட் ஆகும், தணிக்கையில் செல்லாது. கிராக்குக்கும் அதற்கும் உள்ள ஒரே வேறுபாடு நீங்கள் காசு கொடுத்தது.

கேள்வி: பைரசி செய்கிறவன்தான் நாளைக்கு வாடிக்கையாளர் ஆகிறான். அது நிறுவனத்துக்கு இலவச விளம்பரம்தானே?

பதில்: நிறுவனத்துக்கு விளம்பரம், சரி. அந்த விளம்பரத்தால் வாய்ப்பிழப்பது யார்? திறமூல வரைகலை மென்பொருள்களான இங்க்ஸ்கேப்பும் கிரிட்டாவும் ஃப்ரீகேடும்தான். திருட்டு நகல் விலையில்லாமல் கிடைக்கிறவரை இலவச மாற்றை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. பெரிய நிறுவனத்தின் ஏகபோகத்தைத் திட்டிக்கொண்டே அதன் கிராக்கை ஓட்டுகிறவர் அந்த ஏகபோகத்துக்குத்தான் ஊழியம் செய்கிறார், சம்பளம் வாங்காமல்.

கேள்வி: எம்எஸ் ஆபீஸிலிருந்து திறமூல லிப்ரெஆபீஸுக்கு மாறினோம். வேர்டில் செய்த ஆவணங்கள் பக்கம் மாறி, அட்டவணை உடைந்து வருகின்றன. இதைத்தான் மாற்று என்கிறீர்களா?

பதில்: பத்தில் ஏழெட்டு முறை குற்றவாளி லிப்ரெஆபீஸ் அல்ல, எழுத்துரு. ஆவணம் கேலிப்ரியில் இருக்கும், உங்கள் கணினியில் கேலிப்ரி இருக்காது. அகலம் வேறான எழுத்துரு அதன் இடத்துக்கு வந்தால் வரி உடையும், வரி உடைந்தால் பக்கம் உடையும். கேலிப்ரிக்கு அதே அகல அளவுகளோடு செய்யப்பட்ட கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலடேயா, டைம்ஸ் நியூ ரோமனுக்கும் ஏரியலுக்கும் லிபரேஷன் வகைகள். இவற்றை நிறுவுங்கள். பிறகும் தள்ளாடினால் ஆப்ஷன்ஸில் உள்ள எழுத்துரு மாற்று அட்டவணையில் எதற்கு எது என்று நீங்களே எழுதிவிடலாம்.

உங்களுக்குள் புழங்கும் ஆவணங்களை ஓடிடி (.odt) வடிவிலேயே வையுங்கள். அது 2006-இலேயே ஐஎஸ்ஓ தரமான வடிவம். வெளியிலிருந்து டாக்எக்ஸாக (வேர்டின் .docx) வந்து, திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டியதை டாக்எக்ஸாகவே சேமியுங்கள். ஒரே கோப்பை மாற்றி மாற்றி இரு வடிவங்களில் சேமிப்பதால்தான் அட்டவணைகளும் மிதக்கும் படங்களும் சிதைகின்றன. கையெழுத்துக்கும் அச்சுக்கும் போவது பிடிஎஃப் மட்டும்.

எக்செல் மேக்ரோக்கள்? எளியவை ஓடும். எக்செலின் தரவு திரட்டும் வசதியான பவர் குவரியை நம்பி ஒரு துறையே நடக்கிறது என்றால், அந்தத் துறைக்கு எக்செல் உரிமம் வாங்கிவிட்டு மற்றவர்களை மாற்றுங்கள். எல்லோரையும் ஒரே நாளில் மாற்றும் பிடிவாதம்தான் பல மாற்றங்களைக் கவிழ்த்திருக்கிறது.

கேள்வி: பெரிய நிறுவனங்கள் திறமூல நிரலை எடுத்துப் பயன்படுத்திவிட்டு மூலநிரலைத் தராமல் இருப்பதும் பைரசிதானே? அதை ஏன் யாரும் பிடிப்பதில்லை?

பதில்: பைரசியேதான். ஜிபிஎல் உரிமம் நிற்பது பதிப்புரிமைச் சட்டத்தின் மேல். மூலநிரலைத் தர வேண்டும் என்ற அதன் நிபந்தனையை மீறி விநியோகித்தால், கிராக் விற்கிறவர் இருக்கும் அதே இடத்தில்தான் அந்த நிறுவனமும் இருக்கிறது. பதிப்புரிமையே ஒழிய வேண்டும் என்று திறமூல ஆர்வலர் சிலர் பேசும்போது இதை யோசிப்பதில்லை. அது ஒழிந்தால் ஜிபிஎல்லும் சேர்ந்து பல்லிழக்கும்.

பிடிக்காமலும் இல்லை. லிங்க்ஸிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைக் கண்டு கேட்டதன் விளைவாக 2003-இல் அதன் மூலநிரல் வெளிவந்தது; அதிலிருந்து வளர்ந்ததுதான் ரவுட்டர்களுக்கான திறமூல இயங்குதளம் ஓபன்டபிள்யூஆர்டி. 2004-இல் ஜெர்மனியில் லினக்ஸ் நிரலாளர் ஹரால்டு வெல்டே தொடுத்த வழக்கில் ஜிபிஎல் செல்லும் என்று மியூனிக் நீதிமன்றம் சொன்னது. 2008 டிசம்பரில் சிஸ்கோ மேல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழக்குத் தொடுத்து, மறு ஆண்டு சமரசமானது. 2005-இல் நடந்தது இன்னும் சுவை: இசைக் குறுந்தகடுகளை நகலெடுப்பதைத் தடுக்க சோனி பிஎம்ஜி வைத்த மென்பொருள், வாங்கியவர்களின் விண்டோஸுக்குள் ஒளிந்துகொண்டு கோப்புகளை மறைத்தது. தோண்டிப் பார்த்தபோது அதற்குள் ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல் உரிமத்தில் உள்ள, லேம் என்ற இசைக் குறியாக்க நிரலின் துண்டுகள். பைரசியைத் தடுக்க வந்ததே உரிமத்தை மீறியிருந்தது.

நீங்களும் கேட்கலாம். சாதனத்தின் சரியான மாடல், ஃபர்ம்வேர் பதிப்பு எண், சட்ட அறிவிப்புப் பக்கத்தின் படம் ஆகியவற்றோடு எழுதுங்கள். ஜிபிஎல் 2-இல், மூலநிரலைத் தருவதாகக் கொடுக்கும் எழுத்துபூர்வ உறுதிமொழி குறைந்தது 3 ஆண்டு செல்லும். வருவதைச் சரிபார்ப்பதுதான் வேலை. லினக்ஸின் மையநிரலான கெர்னலின் பொதுப் பதிப்பை அப்படியே அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அவர்கள் செய்த மாற்றங்கள், கட்டமைப்புக் கோப்பு, தொகுக்கும் ஸ்கிரிப்டுகள் மூன்றும் இல்லாவிட்டால் அது முழு மூலநிரல் அல்ல.

கேள்வி: வீடியோ இறக்கும் யூட்யூப்-டிஎல், நின்டெண்டோ விளையாட்டுகளைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரான யூசு இரண்டின் மேலும் நடவடிக்கை பாய்ந்தது. ஒன்று பிழைத்தது, மற்றது மூடியது. ஏன் இந்தப் பாரபட்சம்?

பதில்: பாரபட்சம் இல்லை, பூட்டு எங்கே இருந்தது என்பதுதான். 2020 அக்டோபரில் அமெரிக்க இசைப்பதிவுச் சங்கத்தின் அறிவிப்பால் கிட்ஹப் என்ற நிரல் பகிரும் தளத்திலிருந்து யூட்யூப்-டிஎல் நீக்கப்பட்டது. நவம்பர் 16-இல் திரும்பியது. அது எந்தக் குறியாக்கத்தையும் உடைக்கவில்லை, பிரவுசர் செய்வதையே செய்கிறது என்று மின்னணு எல்லை அறக்கட்டளை (இஎஃப்எஃப்) வாதாடியது. சோதனைப் பகுதியில் புகழ்பெற்ற பாடல் வீடியோக்களின் முகவரிகளை வைத்திருந்தது மட்டும் அசட்டுத்தனம், அவற்றை எடுத்துவிட்டார்கள்.

யூசு மேல் நின்டெண்டோ 2024 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தது. ஒரு வாரத்துக்குள் 24 லட்சம் டாலருக்கு ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். எமுலேட்டர் எழுதுவதே குற்றம் என்று அந்த வழக்கு தீர்ப்பளிக்கவில்லை. தீர்ப்புவரை போகவே இல்லை. சோனிக்கும், பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் 2000-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் எமுலேட்டர் பக்கம்தான் நின்றது. ஆனால் இன்றைய விளையாட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டவை, அவற்றைத் திறக்கக் கீ வேண்டும், கீயைப் பெறும் வழியைச் சொல்லிக் கொடுப்பது, பூட்டை உடைப்பதைத் தடுக்கும் வேறு சட்டப் பிரிவில் விழுகிறது. கூடவே சந்தாப் பணமும் வாங்கினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை பாதி.

கேள்வி: ரெடிஸ் தரவுத்தளம், டெர்ராஃபார்ம் கருவி எல்லாம் திறமூல உரிமத்தை மாற்றின. நாளைக்கு லினக்ஸையும் மூடிவிட்டால்?

பதில்: முடியாது. டெர்ராஃபார்மில் பங்களிக்க ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். எல்லா நிரலுக்கும் அதிகாரம் ஒரே நிறுவனத்திடம் குவியும். ரெடிஸின் பழைய பிஎஸ்டி உரிமமோ நிரலை மூடிய உரிமத்தில் தொடர யாரையும் விடக்கூடியது. லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2, உரிமை ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கிறது, அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டும். புதிய திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கிட்ஹப் நட்சத்திரங்களை எண்ணுவதை விட உரிமம் எது, அதிகாரம் யாரிடம் என்ற இந்த இரண்டையும் பாருங்கள். வெளியான பதிப்பின் உரிமத்தையும் திரும்பப் பெற முடியாது. அதனால்தான் ரெடிஸ் 7.2.4-இலிருந்து வால்கியும், டெர்ராஃபார்மின் கடைசித் திறமூலப் பதிப்பிலிருந்து ஓபன்டோஃபுவும் கிளைக்க முடிந்தது.

கேள்வி: 'எல்லா லினக்ஸும் ஆபத்தில்' என்று மாதம் ஒரு செய்தி வருகிறது. எதை நம்புவது?

பதில்: தலைப்பை விட்டுவிட்டு சிவிஈ எண்ணை (ஒவ்வொரு பாதுகாப்புப் பிழைக்கும் தரப்படும் பொது எண்) தேடுங்கள். எண் இல்லாத செய்திக்குக் காத்திருக்கலாம். 2024 செப்டம்பரில் 9.9 புள்ளி அபாயம் என்று ஊதப்பட்ட, கப்ஸ் என்ற லினக்ஸ் அச்சிடும் சேவையின் பாதுகாப்புப் பிழையில், 631-ஆம் எண் யுடிபி வலையமைப்பு வாயில் தாக்குபவருக்குத் திறந்திருக்க வேண்டும், அதன் வழியாக அவர் நுழைத்த போலி அச்சுப்பொறிக்கு யாராவது ஒரு தாளை அச்சிட அனுப்பவும் வேண்டும். சர்வர்களில் அந்தச் சேவை பெரும்பாலும் ஓடுவதே இல்லை. மாறாக, அதே ஆண்டு மார்ச் 29-இல் வெளிப்பட்ட எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியில் இருந்த பின்கதவு நிஜமான கண்டம். உள்நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் கிளறியதால் மாட்டியது. பின்கதவை எழுப்பும் வரி எல்லோரும் பார்க்கும் கிட் நிரல் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. 'எல்லோரும் மூலநிரலைப் பார்க்கிறார்கள்' என்ற தெம்பு அங்கேதான் ஓட்டையானது. பாதிக்கப்பட்டவை 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளே. டெபியன் லினக்ஸின் நிலையான பதிப்புக்குள் அவை வரவில்லை.

பதிப்பு எண்ணை ஒப்பிடும்போது ஒரு சிக்கல் உண்டு. டெபியன், ரெட் ஹாட் போன்ற லினக்ஸ் விநியோகங்களின் குழுவினர் பழைய பதிப்பு எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்ப்பார்கள். எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கேனர் சிவப்பு காட்டும். நிர்வாகி பதறிப்போய் வெளியிலிருந்து புதிய பதிப்பைத் தொகுத்து நிறுவுவார். அன்றோடு அந்தத் தொகுப்புக்குத் தானியங்கித் திருத்தங்கள் நின்றுபோகும். உங்கள் விநியோகத்தின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த சிவிஈ எண்ணைப் போட்டு, அங்கே சொல்லும் தொகுப்பு எண்ணின் கடைசிப் பகுதியை, அதாவது கோடுக்குப் பின்னால் வருவதை, உங்கள் கணினியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அது சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் திருத்தம் ஏற்கனவே வந்துவிட்டது.